வாக்கர் எதன்மீது நடந்தார்? ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில மாதங்களுக்கு முன்பு, பருவமழை பற்றிய ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்திக் கொடுக்கும் வேலை வந்தது. எல் நினோ, லா நினா என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கட்டுரையில் திடீரென்று ‘நடப்பவர் சுழற்சி’ என்று ஒன்று குறுக்கே வந்தது. பசிபிக் பெருங்கடலுக்கு மேலே யார் நடக்கிறார்கள் என்று திகைத்து, மூலத்தைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. பசிபிக்கின் மேலே ஓடும் ஒரு காற்றோட்டத்தின் பெயரான ‘வாக்கர் சுழற்சி’ என்பதில் இருந்த ஆள் பெயரையும் சேர்த்து மொழிபெயர்த்துவிட்டார்கள். இதை நண்பர்களிடம் சொன்னேன். சிரித்து முடித்ததும் கேள்விகள் வரத் தொடங்கின. அவற்றையும், மொழிபெயர்ப்பு வகுப்புகளில் மாணவர்கள் கேட்டவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

வாக்கர் என்றால் நடப்பவர் என்றுதானே பொருள்?

இன்றைய அகராதி அப்படித்தான் சொல்லும். ஆனால் இந்தப் பெயர் பிறந்தபோது அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘வெயல்கன்’ என்ற வினைக்கு உருட்டுதல், புரட்டுதல் என்று பொருள். கம்பளித் துணியை ஈரத்தில் போட்டு, மிதித்துப் புரட்டிப் பதப்படுத்துபவருக்கு ‘வெயல்கெரெ’ என்று பெயர். அவர்தான் வாக்கர். நடத்தல் என்ற பொருள் அந்த வினைக்கு ஏறத்தாழ 1200ஆம் ஆண்டை ஒட்டித்தான் வந்து ஒட்டிக்கொண்டது. ஜெர்மன் மொழியில் ‘வால்கென்’ என்பது இன்றும் கம்பளியை அழுத்திப் பிசைந்து இறுக்குவதைக் குறிக்கும். அங்கேயும் அதே எழுத்துகளோடு ஒரு குடும்பப் பெயர் உண்டு.

ஒரு விதத்தில் நம் மொழிபெயர்ப்பாளர் முழுத் தவறும் செய்யவில்லை. வாக்கர் காலால்தான் பிழைத்தார். ஆனால் நாள் முழுவதும் நடந்தாலும் தொட்டியைவிட்டு ஓர் அடி நகர்ந்ததில்லை.

துணியை மிதிப்பது ஒரு தொழிலா? எதற்காக மிதிக்க வேண்டும்?

இதற்கு என் அத்தையின் கம்பளிச் சட்டைதான் சரியான விடை. ஊட்டிக்குப் போனபோது ஆசையாய் வாங்கி வந்தார். ஊருக்குத் திரும்பியதும், அழுக்குப் போகட்டும் என்று கொதிக்கும் வெந்நீரில் சலவைத் தூளைக் கொட்டி ஊறவைத்து, துவைக்கும் கல்லில் போட்டுக் கசக்கு கசக்கென்று கசக்கினார். காய்ந்த பிறகு அது ஆறு வயதுப் பையனுக்குச் சரியாக இருந்தது. அட்டை போல் விறைத்துக் கிடந்தது. இழுத்துப் பார்த்தார், இஸ்திரி போட்டுப் பார்த்தார். அது பழைய அளவுக்கு வரவே இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போனது.

ஆட்டு மயிரின் ஒவ்வோர் இழையின் மேலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. சூடு, சலவைத் தூளில் இருப்பது போன்ற காரம், அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் விரிந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பற்றிய பிறகு பிரியாது. துணி சுருங்கும், தடிக்கும், இழைக்கு இழை இடைவெளி அடைபடும். பருத்திக்கு இந்தக் குணம் கிடையாது. அதனால்தான் வேட்டியை எத்தனை முறை கல்லில் அடித்தாலும் அது வேட்டியாகவே இருக்கிறது.

அத்தைக்கு விபத்தாக நேர்ந்ததை இடைக்கால இங்கிலாந்தில் கூலி கொடுத்துச் செய்து வாங்கினார்கள். தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி சல்லடை போல் இருக்கும். நூற்பதற்கு வசதியாக மயிரில் தடவிய எண்ணெயும் ஆட்டின் கொழுப்பும் அதில் பிசுபிசுக்கும். அந்த ஊர்க் காற்றும் தூறலும் அதற்குள் நேராகப் புகுந்து வெளியே வரும். அதை ஒரு தொட்டியில் மடித்துப் போட்டு, நாள்பட்ட சிறுநீரையோ களிமண் கரைசலையோ ஊற்றி, முழங்காலுக்கு மேல் உடையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு ஆட்கள் உள்ளே இறங்குவார்கள். மிதிக்க வேண்டும். எடுத்து மடிப்பை மாற்றிப் போட்டு, மறுபடி மிதிக்க வேண்டும். ஒரே இடத்தில் மிதித்தால் அங்கே மட்டும் இறுகித் துணி கோணிக்கொள்ளும். போதும் என்று நிறுத்த வேண்டிய நேரத்தைத் தாண்டினாலோ, என் அத்தையின் சட்டைதான். காலடியில் துணி எவ்வளவு தடித்திருக்கிறது என்பதை உள்ளங்காலாலேயே கண்டுபிடிப்பது கைவினைஞனின் திறமை. முறையாக மிதித்து எடுத்த துணியின் அகலம் மூன்றில் ஒரு பங்குகூடக் குறைந்துவிடும்.

பிறகு நல்ல தண்ணீரில் அலசி, வயல்வெளியில் நட்ட நீண்ட மரச்சட்டங்களில் கொக்கி போட்டு இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். அந்தச் சட்டத்துக்கு ‘டென்ட்டர்’ என்று பெயர். என்ன ஆகுமோ என்று பதறிக்கொண்டிருப்பவரை ஆங்கிலேயர் இன்றும் ‘டென்ட்டர் கொக்கியில் மாட்டியிருக்கிறார்’ என்கிறார்கள். நாம் முள்மேல் நிற்பதாகச் சொல்கிறோம்.

சிறுநீரா? உண்மையாகவா?

உண்மைதான். சிறுநீரைச் சில நாள் வைத்திருந்தால் அதில் அம்மோனியா உண்டாகும். அம்மோனியா நல்ல காரம், எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும். சோப்பு விலை உயர்ந்த பண்டமாக இருந்த காலத்தில் இதைவிட மலிவான சலவைப் பொருள் ஏது? ரோமாபுரியிலும் இதே வழக்கம்தான். பாம்பேயில் வெசுவியஸ் எரிமலைச் சாம்பல் மூடிய சலவைக் கூடங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். தொட்டியில் நின்று துணி மிதிக்கும் ஆட்களை வரைந்த ஓவியமும் அங்கே கிடைத்தது. சிறுநீர் வியாபாரத்துக்குப் பேரரசர் வெஸ்பாசியன் வரி போட்டார். மகன் முகம் சுளித்தபோது அந்த வரியில் வந்த காசை அவன் மூக்கருகே நீட்டி, நாறுகிறதா என்று கேட்டாராம். யார்க்‌ஷயரின் கம்பளிக் கிராமங்களில் வீடு வீடாகச் சிறுநீர் சேகரிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு வரை இருந்தது.

ஃபுல்லர், டக்கர் என்ற பெயர்களுக்கும் இதே பொருள் என்கிறார்களே?

ஆமாம். மூன்றும் ஒரே தொழில். இந்தப் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

‘ஃபுல்லர்’ லத்தீன் வழி வந்தது. ‘ஃபுல்லோ’ என்றால் துணி மிதிப்பவர். பழைய ஆங்கிலத்திலேயே குடியேறிவிட்ட இந்தச் சொல்லுக்கு, பிரான்சிலிருந்து படையெடுத்து வந்த நார்மானியர் கொண்டுவந்த பிரெஞ்சுச் சொல்லும் வலுச் சேர்த்தது. ‘டக்கர்’ பழைய ஆங்கில ‘டூகியன்’ என்ற வினையிலிருந்து பிறந்தது. துன்புறுத்துதல், வதைத்தல் என்பது அதன் பழைய பொருள். துணியின் பக்கம் நின்று பார்த்தால் பொருத்தமான பெயர்தான். (சென்னைத் தெருக்களில் புழங்கும் ‘டக்கர்’ என்ற பாராட்டுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.)

இந்த மூன்று சொற்களும் இங்கிலாந்தை மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்டன. வடக்கிலும் மத்தியப் பகுதியின் மேற்கிலும் வாக்கர். தென்கிழக்கில், அதாவது சசெக்ஸ், கென்ட் முதல் சஃபோக், நார்ஃபோக் வரை ஃபுல்லர். தென்மேற்கில் டெவன், சோமர்செட், கார்ன்வால் பக்கம் டக்கர். 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து வரைந்த வரைபடங்களில்கூட இந்தப் பிரிவு தெளிவாகத் தெரிகிறது. ரயில் ஓடி, ஆலைகள் பெருகி, கிராமங்கள் காலியாகி நகரங்கள் நிரம்பிய பிறகும், 500 ஆண்டுகளுக்கு முந்தைய வட்டார வழக்கு பெயர்களில் அழியாமல் கிடந்தது. அந்தக் காலத்தில் எந்த ஊரில் எந்தச் சொல்லைப் பேசினார்கள் என்று கண்டுபிடிக்க ஒலிப்பதிவா இருக்கிறது? மொழியியலாளர்கள் இந்தப் பெயர்களைத்தான் பார்க்கிறார்கள்.

டெவன் பகுதியின் எக்ஸிட்டர் நகரில் 1471இல் கட்டிய கைவினைஞர் மண்டபம் ஒன்று இன்றும் நிற்கிறது. சங்கத்தின் முறையான பெயர் ‘நெசவாளர், ஃபுல்லர், கத்தரிப்பாளர்’ சங்கம். ஊரார் வைத்த பெயர் ‘டக்கர்ஸ் ஹால்’. சாசனத்தில் ஒரு சொல், தெருவில் வேறொரு சொல். நம் ஊரில் பத்திரத்தில் ஒரு பெயரும் பேச்சில் ஒரு பெயருமாக இருக்கும் தெருக்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்று சொல் சிக்கல் அன்றைய எழுத்தாளர்களுக்கும் தெரிந்திருந்தது. 1380களில் சமயச் சீர்திருத்தவாதி ஜான் விக்லிஃபின் வழிவந்தவர்கள் விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். இயேசுவின் உடை வெண்மையாய் ஒளிர்ந்த காட்சியை மாற்கு நற்செய்தி சொல்லும் இடத்தில், ‘ஃபுல்லர் அல்லது துணி வாக்கர்’ எவராலும் இப்படி வெளுக்க முடியாது என்று இரண்டு சொல்லையும் போட்டுவிட்டார்கள். தெற்கே படிப்பவனுக்கு ஒன்று, வடக்கே படிப்பவனுக்கு ஒன்று. மொழிபெயர்ப்பாளன் படும் பாட்டை அறிந்தவன் என்ற முறையில், அந்த ‘அல்லது’வைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பாசம் வரும்.

அதே காலத்துக் கவிஞர் லாங்லண்டோ இதே தொழிலை வைத்துச் சிலேடை ஆடினார். பழைய ஆங்கிலத்தில் ஞானஸ்நானம் கொடுப்பதற்கும் ‘ஃபுல்’ என்று தொடங்கும் ஒரு வினை இருந்தது. தறியிலிருந்து வந்த துணி மிதிபட்டு அலசப்படாமல் உடுத்தத் தகாது, குழந்தையும் அப்படியே என்று இரண்டையும் முடிச்சுப் போட்டார்.

தமிழில் இந்தத் தொழிலுக்கு என்ன பெயர்?

தனிப் பெயர் கிடையாது. நாம் உடுத்தியது பருத்தி, அதை மிதித்து இறுக்க வேண்டிய தேவை வரவில்லை. ஆனால் விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் ஏதாவது ஒரு சொல்லைப் போட்டாக வேண்டுமே! மேலே சொன்ன மாற்கு வசனத்தில் ‘எந்த வண்ணானும் வெளுக்கக்கூடாத வெண்மையாய்’ என்று எழுதினார்கள். ஏசாயா நூலில் எருசலேமின் புறத்தே ஃபுல்லர்களின் வெளி ஒன்று வருகிறது. தமிழில் அது ‘வண்ணார்துறை’ ஆகிவிட்டது. ஆற்றங்கரையும் கல்லும் வெயிலும் உடனே கண்முன் வந்துவிடுகின்றன. அந்த இடத்துக்கு அருமையான தேர்வு. வெளுப்பதைப் பற்றிய பேச்சில் வெளுப்பவரைச் சொல்வது நியாயம்தானே.

ஆனால் குடும்பப் பெயரை விளக்கும்போது இது உதவாது. வெளுப்பவரிடம் கொடுத்த துணி போன அளவிலேயே திரும்பி வரவேண்டும். வாக்கரிடம் கொடுத்தது சுருங்கித்தான் வரவேண்டும். ‘கம்பளி மிதிப்பவர்’ என்று எழுதிவிட்டு நகர்வதே என் வழக்கம்.

எப்போது இது தலைமுறைக்குத் தலைமுறை இறங்கும் பெயராக மாறியது?

ஒரே நாளில் நடக்கவில்லை. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபோது பெருநிலக்கிழார்களிடம் மட்டுமே குடும்பப் பெயர் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. சாதாரண ஆட்களுக்கு ஒரே ஒரு பெயர். சிக்கல் என்னவென்றால், அந்த ஒரு பெயரும் ஜான், வில்லியம், ராபர்ட் என்று நாலைந்துக்குள் சுருங்கிக்கொண்டே போனது. ஊரில் பத்து ஜான் இருந்தால் வரி வசூலிப்பவன் என்ன செய்வான்? ஆற்றோரத்து ஜான், ரிச்சர்ட் மகன் ஜான், செம்பட்டைத் தலை ஜான், துணி மிதிக்கும் ஜான் என்று எழுதிக்கொள்வான்.

தொடக்கத்தில் அது வெறும் அடையாளம்தான். துணி மிதிப்பவரின் மகன் ரொட்டி சுட்டால் அவன் பேக்கர். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் நிலமும் வாரிசுரிமையும் எழுத்தில் ஏறத் தொடங்கியபோது அப்பாவின் அடையாளத்தையே மகனும் வைத்துக்கொள்வது லாபமாகியது. 1400 வாக்கில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் பெயர் கெட்டியாகிவிட்டது. வடக்கே இன்னும் கொஞ்சம் தாமதம்.

1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்கள் இந்த உருமாற்றத்தைப் பாதி வழியில் பிடித்துக் காட்டுகின்றன. 1381 வரியால் வெடித்த குடியானவர் கலகத்தின் தலைவர் வாட் டைலர். டைலர் என்றால் ஓடு வேய்பவர். அது அவர் குடும்பப் பெயரா, செய்த தொழிலா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அந்தக் காலமே அப்படிப்பட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கணக்கெழுதியவர்கள் பலர் லத்தீனில் எழுதினார்கள். வாக்கர் என்று ஊரார் கூப்பிட்ட ஆளும், டக்கர் என்று கூப்பிட்ட ஆளும் ஏட்டில் ‘ஃபுல்லோ’ ஆகிவிடுவார்கள். நம் ‘நடப்பவர் சுழற்சி’ நண்பருக்கு 600 ஆண்டுகளுக்கு முன்பே முன்னோடிகள் இருந்திருக்கிறார்கள்!

வழக்கு ஆவணங்களில் ஆளின் தொழிலையோ நிலையையோ தனியாகக் குறிக்க வேண்டும் என்று 1413இல் ஒரு சட்டம் வந்தது. பெயரைப் பார்த்துத் தொழிலைச் சொல்ல முடிந்திருந்தால் அப்படி ஒரு சட்டத்துக்குத் தேவை ஏது? 1538இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவுப்படி ஒவ்வொரு பங்குக் கோவிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதத் தொடங்கியது. அதன் பிறகு பெயர் நழுவுவதற்கு வழி மிகவும் குறைந்துவிட்டது.

அப்படியானால் இது சாதிப் பெயர் மாதிரியா?

தமிழ்நாட்டில் வகுப்பெடுத்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அப்பா தொழிலை மகன் செய்வது அங்கேயும் சகஜம்தான். தொழிற்சங்கங்கள் வெளியாள் உள்ளே நுழையாமல் வேலி போட்டதும் உண்டு. ஆனால் யார் யாரை மணக்கலாம், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்பதைப் பெயர் தீர்மானிக்கவில்லை. இரண்டு தலைமுறைக்குள் வாக்கர் பாதிரியாராகவும், கொல்லர் என்று பொருள்படும் ஸ்மித் வணிகராகவும் ஆகிவிட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது, தொழில் கழன்றுகொண்டது. இங்கேயோ தொழிலை விட்டுத் தலைமுறைகள் ஆன பிறகும் ஊர் அதை மறப்பதில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை என்பதே என் எண்ணம்.

எல்லா வாக்கர்களும் ஒரே வம்சமா?

இல்லை. கம்பளி நெய்த ஒவ்வோர் ஊருக்கும் ஒரு மிதிப்பவர் தேவைப்பட்டார். அதனால் இந்தப் பெயர் நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியாக முளைத்தது. இங்கிலாந்தில் மிகப் பரவலான முதல் இருபது பெயர்களுக்குள் இது வருகிறது என்றால் காரணம் அதுதான். லெஸ்டர் பல்கலைக்கழக மரபியலாளர்கள் ஆண்வழி மரபணுவைக் குடும்பப் பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அபூர்வமான பெயர் கொண்டவர்கள் பெரும்பாலும் ஒரே மூதாதையிடம் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்மித் போன்ற பொதுப் பெயர்களில் அப்படி எந்த ஒற்றுமையும் இல்லை.

ஆலை வந்த பிறகும் ‘மிதிப்பவர்’ என்று ஏன் பெயர்?

நல்ல கேள்வி. பெயர்கள் கெட்டியாவதற்கு முன்பே ஆலை வந்துவிட்டது என்பது உண்மைதான். ஓடும் நீரால் சுழலும் சக்கரம், அதன் அச்சில் துருத்திக்கொண்டிருக்கும் கட்டைகள், அவை தூக்கித் தூக்கிப் போடும் இரண்டு மரச் சுத்தியல்கள் என்று எளிய பொறிதான் அது. நெல் குத்தும் உலக்கையை ஆள் இல்லாமல் ஆறு இடித்தால் எப்படி இருக்கும், அப்படி. இங்கிலாந்தில் இத்தகைய ஆலை பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று 1185இல் டெம்ப்ளர் வீரத்துறவிகள் எடுத்த சொத்துக் கணக்கில் இருக்கிறது. யார்க்‌ஷயரின் டெம்பிள் நியூசமில் அவர்களுக்கு ஓர் ஆலை இருந்தது.

எல்லாரும் இதை வரவேற்கவில்லை. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் தலைவர் பெருஞ்செலவில் ஆலைகளைச் செப்பனிட்டு, குடிகள் தங்கள் துணியை அங்கேதான் கொண்டுவர வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும் என்றார். வீட்டுத் தொட்டியில் சும்மா மிதித்துக்கொள்வதற்கு மடத்துக்கு எதற்குக் காசு என்று 1274இல் ஊரார் எதிர்த்து நின்றார்கள். வழக்கு மன்னரின் நீதிமன்றம் வரை போனது. மடம்தான் வென்றது. லண்டனில் 1298இல் இன்னொரு தகராறு. துணியை நகருக்கு வெளியே ஸ்டிராட்ஃபோர்டு ஆலைகளுக்கு அனுப்பிவிடுகிறார்கள், எங்கள் காலுக்கு வேலை இல்லை என்று நகரத்து மிதிப்பவர்கள் முறையிட்டார்கள்.

கால் போய்ச் சுத்தியல் வந்தாலும் சொல் மாறவில்லை. ஆலைக்காரரும் வாக்கர், ஆலையும் ‘வாக் மில்’. கார்ன்வாலில் கேம்போர்ன் அருகே ‘டக்கிங்மில்’ என்றே ஓர் ஊர் இருக்கிறது. வேல்ஸ் மொழியில் அந்த ஆலைக்குப் ‘பாண்டி’ என்று பெயர். 1910இல் சுரங்கத் தொழிலாளர் கலவரத்தால் பெயர் பெற்ற டோனிபாண்டி என்ற ஊரின் பெயரில் இருப்பது அதுதான். நம் பாண்டி நாட்டுக்காரர்கள் உறவு கொண்டாட வேண்டாம்.

ஸ்காட்லாந்திலும் நிறைய வாக்கர்கள் இருக்கிறார்களே?

அவர்களில் ஒரு பகுதியினர் கெய்லிக் மொழிக் குடும்பத்தினர். ‘மாக் அன் ஊக்கதர்’, அதாவது துணி மிதிப்பவரின் மகன் என்ற பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றி வாக்கர் ஆனவர்கள்.

ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஆலை இல்லாததால் இந்த வேலை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கையாலேயே நடந்தது. செய்தவர்கள் பெண்கள். நீண்ட பலகையின் இருபுறமும் உட்கார்ந்து, நனைந்த கம்பளியை ஒரே தாளத்தில் பலகைமேல் அறைந்து அடுத்தவரிடம் தள்ளுவார்கள். ஒருத்தி பாட்டை எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். நாற்று நடும் வயலில் கேட்கும் குலவையும் பாட்டும் போல, தாளம் தப்பினால் வேலையும் தப்பும். அந்தப் பாட்டுகளைப் பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். பலகை அறையும் ஓசையோடு கேட்க வேண்டும்.

ஒரே துணியிலிருந்து பிறந்த வேறு பெயர்கள் உண்டா?

ஆடு மேய்த்த ஷெப்பர்டில் தொடங்கித் தைத்த டெய்லர் வரை வரிசையாக உண்டு. நெசவாளர் மட்டும் வெப், வெப்பர், வெப்ஸ்டர், வீவர் என்று நான்காகப் பிரிந்தார். வெப்பர் தென்மேற்கு, வெப்ஸ்டர் வடக்கும் கிழக்கும் என்று இங்கேயும் வட்டாரக் கணக்கு இருக்கிறது. வெப்ஸ்டரில் உள்ள ‘ஸ்டர்’ முதலில் பெண்பால் விகுதி. சாயம் போட்டவர் லிஸ்டர் அல்லது டயர். மிதித்த துணியின் பிசிறைப் பெரிய கத்தரியால் மட்டமாக வெட்டியவர் ஷெர்மன். அந்தப் பெயர் பின்னால் ஓர் அமெரிக்கத் தளபதிக்குப் போய், அவர் வழியாகப் பீரங்கி வண்டிக்கும் போனது.

கறுப்பின அமெரிக்கர்களிடம் இந்தப் பெயர் பரவலாக இருப்பது எப்படி?

அடிமை முறையின் தடம் அது. 1865இல் விடுதலை வந்தபோது சிலர் பழைய எசமானின் பெயரை வைத்துக்கொண்டார்கள், சிலர் தாங்களே ஒன்றைத் தேர்ந்தார்கள், வேறு சிலர் ஏற்கனவே தங்களுக்குள் வைத்திருந்த பெயரை வெளியே சொன்னார்கள். கூந்தல் தைலம் விற்றுப் பெரும் செல்வம் சேர்த்த மேடம் சி. ஜே. வாக்கர் 1867இல் லூசியானாவில் பிறந்தபோது சாரா பிரீட்லவ். வாக்கர் என்பது கணவர் வழி வந்த பெயர். யார்க்‌ஷயர் தொட்டியோடு அவருக்கு எந்தத் தொடர்பும் இல்லை.

விஸ்கி பாட்டிலில் ஒருவர் கைத்தடியோடு நடக்கிறாரே?

அது சிலேடை. ஸ்காட்லாந்தின் கில்மார்னாக்கில் 1820இல் மளிகைக் கடை திறந்த ஜான் வாக்கரின் பெயருக்காக, 1908இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் நடக்கும் ஆளை வரைந்து கொடுத்தார். துணி மிதிக்கும் ஆளை வரைந்திருந்தால் பாட்டில் விற்றிருக்குமா என்பது சந்தேகம்தான்.

முல்தானி மட்டிக்கும் ஃபுல்லருக்கும் என்ன சம்பந்தம்?

நாட்டு மருந்துக் கடையில் முகத்தில் பூச வாங்கும் முல்தானி மட்டியின் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் ‘ஃபுல்லர்ஸ் எர்த்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். ஃபுல்லரின் மண். எண்ணெயை உறிஞ்சும் களிமண் வகை அது. கம்பளியின் கொழுப்பை எடுக்கத் தொட்டியில் கரைத்துவிட்டது இதைத்தான். இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்து நட்ஃபீல்டு பகுதியில் தோண்டி எடுத்தார்கள். அயல்நாட்டுக் கம்பளிக்காரர்களுக்குப் போய்விடக்கூடாது என்று 17ஆம் நூற்றாண்டில் இதன் ஏற்றுமதிக்கே தடை போட்டிருந்தார்கள். ஆட்டுக் கொழுப்புக்கு ஆன அதே வேலையைத்தான் அது நம் முகத்திலும் செய்கிறது.

கடைசியாக, அந்தச் சுழற்சியின் வாக்கர் யார்?

கில்பர்ட் வாக்கர். 1868இல் லங்காஷயரின் ராச்டேலில் பிறந்தவர். ராச்டேல் பழைய கம்பளி ஊர், வாக்கர் என்ற சொல் ஆண்ட வட்டாரத்தின் நடுவில் இருப்பது. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். பூமராங் வீசுவதில் பெரும் பித்து, அதனால் நண்பர்கள் அவரைப் பூமராங் வாக்கர் என்றே அழைத்தார்கள். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவர். மழை பொய்த்தால் பஞ்சம் என்றிருந்த நாட்டில் பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடினார். உலகெங்கும் உள்ள நிலையங்களின் காற்றழுத்தம், வெப்பம், மழை அளவுகளைத் திரட்டி, எழுத்தர்களை வைத்துக் கையால் கணக்குப் போட்டார். பசிபிக்கில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது, அங்கே இறங்கும்போது இங்கே ஏறுகிறது என்று கண்டு, அதற்குத் தென் அலைவு என்று பெயர் வைத்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, அதற்குப் பின்னால் இருக்கும் காற்றோட்டத்துக்கு வானிலையியலாளர் ஜேக்கப் பியர்க்னஸ் ‘வாக்கர் சுழற்சி’ என்று பெயரிட்டார்.

1913 பிப்ரவரியில் வேலையாகச் சென்னை வந்த வாக்கரிடம், துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருந்த ஓர் எழுத்தரின் கணிதக் குறிப்புகளைக் காட்டினார்கள். பார்த்தவர் சும்மா போகவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். அந்த எழுத்தருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. எழுத்தரின் பெயர் சீனிவாச ராமானுஜன்.

ராமானுஜன் என்பதை ‘ராமனின் தம்பி’ என்று யாரும் ஆங்கிலத்தில் பெயர்ப்பதில்லை. அந்தக் கட்டுரையில் ‘நடப்பவர்’ இருந்த ஏழு இடங்களையும் அடித்து, ‘வாக்கர்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.